கோப்புகளைக் கிளவுட்டில் வைப்பது: தோட்டத்துப் பட்டணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் கணினி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்களில் கோயில் பொருளாளர் உண்டு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் உண்டு, கல்யாணப் படம் எடுக்கிறவர் உண்டு, மளிகைக் கடைக்காரரும் உண்டு. கேள்விகளை அவரவர் பேசியபடியே விட்டிருக்கிறோம். முதல் சில கேள்விகள் உங்களுக்குத் தெரிந்தவையாக இருந்தால் தாண்டிப் போகலாம். ஆனால் ஒன்பதாவது கேள்வியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

1. கிளவுட் கிளவுட்னு சொல்றாங்களே, அது என்னங்க? நம்ம ஃபைல் எங்க போய் உக்காருது?

வேறொரு நிறுவனத்தின் கணினியில். அவ்வளவுதான். உங்கள் கணினியில் ஒரு கோப்புறை இருக்கும். அதில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நகல் இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் தரவு மையத்துக்குப் போகும். கைப்பேசியிலோ இன்னொரு கணினியிலோ அதே கணக்கில் நுழைந்தால் அதே கோப்பு அங்கேயும் தெரியும்.

இதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. நகலை அங்கே வைத்திருப்பது சேமிப்பு. ஓரிடத்தில் மாற்றியதை மற்ற எல்லா இடங்களிலும் அப்படியே மாற்றுவது சிங்க், அதாவது ஒத்திசைவு. முதலாவதை எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். கோப்பு தொலைவதெல்லாம் இரண்டாவதைப் புரிந்துகொள்ளாததால்தான்.

2. பெண்டிரைவ் இருக்கே, அது பத்தாதா?

கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பத்தும், பாதுகாத்து வைப்பதற்குப் பத்தாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் கோப்பு அட்டவணை கெட்டு, முழுப் பெண்டிரைவும் வெறுமையாகத் தெரியும். அலமாரியில் பல வருடம் மின்சாரம் படாமல் கிடந்தால் உள்ளிருக்கும் தரவு தானாகவே மங்கும். சட்டைப் பையோடு துவைக்கப் போவது தனிக் கதை. வெளி ஹார்ட் டிஸ்க் வேறு விஷயம், அது பத்தாவது கேள்வியில் வருகிறது.

3. இலவசமா எதுல அதிகம் கிடைக்கும்?

கூகல் டிரைவ் 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி, ஐகிளவுட் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி, மெகா 20 ஜிபி. டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கை மூன்று கருவிகளுக்கு மேல் இணைக்க முடியாது. வீட்டுக் கணினி, கடைக் கணினி, கைப்பேசி என்று சேர்த்தாலே மூன்றும் தீர்ந்துவிடும்.

கூகலின் 15 ஜிபி பார்க்கப் பெரிது. ஆனால் ஜிமெயில், கூகல் போட்டோஸ், டிரைவ் மூன்றும் அதே 15-ஐத்தான் பங்கு போடுகின்றன. 2021 ஜூன் 1-க்குப் பிறகு போட்டோஸில் ஏறும் படங்களெல்லாம் கணக்கில் சேரும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் புலனத்தின் (வாட்ஸ்அப்) காப்பு நகலும் இப்போது அதில்தான் சேர்கிறது. குடும்பக் குழு, கோயில் குழு, பள்ளிக் குழு என்று காலை வணக்கக் காணொளி தினமும் வந்து விழும் கைப்பேசியாக இருந்தால், டிரைவில் ஒரு கோப்புகூட வைக்காமலே இடம் நிறைந்துவிடும். காணொளியைத் தவிர்த்துவிட்டுக் காப்பு நகல் எடுக்கப் புலனத்தின் அமைப்பிலேயே வழி உண்டு. காசு கட்டுவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள்.

கைப்பேசிப் படம் ஒன்று 3 முதல் 4 எம்பி இருக்கும். ஆக 15 ஜிபி என்பது ஏறத்தாழ 4,000 படங்கள். சாதாரண ஃபுல் எச்டி காணொளி ஒரு நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி தின்னும். வேர்டு, எக்செல் கோப்புகள் மட்டும் என்றால் 5 ஜிபியே ஒரு சிறு சங்கத்துக்குப் பல வருடம் தாங்கும்.

4. அப்ப எதைத்தான் எடுக்கிறது? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

எத்தனை ஜிபி என்று பார்த்து எடுக்க வேண்டாம். உங்கள் கோப்பு ஏற்கெனவே எங்கே பிறக்கிறது, யார் யார் அதைத் திறக்க வேண்டும் என்ற இரண்டையும் பாருங்கள்.

விண்டோஸ் கணினியில் வேர்டு, எக்செல் வேலைதான் அதிகம் என்றால் ஒன்டிரைவ். அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல் திட்டத்துக்கோ குடும்பத் திட்டத்துக்கோ காசு கட்டுகிறவர் என்றால் ஆளுக்கு 1 டிபி (1,000 ஜிபி) அதோடு சேர்ந்தே வருகிறது. பலருக்கு அது கையில் இருப்பதே தெரியாமல், வேறொரு சேவைக்கும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஜிமெயில், நாலு பேர் சேர்ந்து எழுதும் பட்டியல்கள் என்றால் கூகல் டிரைவ். வீடு முழுக்க ஐபோனும் மேக்கும் என்றால் ஐகிளவுட். அதை விண்டோஸிலும் நிறுவலாம், ஆனால் விண்டோஸ்தான் முதன்மைக் கணினி என்றால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பெரிய கோப்பை அடிக்கடி திருத்துகிறவருக்கு, உதாரணமாக அச்சுக்கு வடிவமைக்கிறவருக்கு, டிராப்பாக்ஸ் பொருந்தும். அது கோப்பை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் ஏற்றும். 300 எம்பி பேனர் கோப்பில் ஒரு பெயரை மட்டும் திருத்தினால் 300 எம்பியும் மறுபடி ஏறத் தேவையில்லாமல் போகலாம். மெதுவான லைனில் இது பெரிய நிம்மதி. லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கும் டிராப்பாக்ஸ், மெகா இரண்டும் சொந்தச் செயலி தருகின்றன. கூகலும் ஒன்டிரைவும் தருவதில்லை.

எதை எடுத்தாலும் முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு கோப்புறையை மட்டும் போட்டுப் பாருங்கள். முழு டிஸ்கையும் முதல் நாளே தூக்கிப் போடுகிறவர்தான் மூன்றாம் நாள் போன் அடிக்கிறார்.

5. விலை ஒண்ணு போட்டிருந்தான், அட்டையில கூடுதலா எடுத்துட்டான். ஏமாத்துறானா?

பெரும்பாலும் அது வரி. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் இணையச் சேவைக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதித்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. 100 வெள்ளி (ரிங்கிட்) என்று காட்டினால் 108 வெள்ளி போகும். சில நிறுவனங்கள் வரியைச் சேர்த்தே விலையைக் காட்டும், சில கடைசிப் பக்கத்தில்தான் சேர்க்கும். விலை அமெரிக்க டாலரில் இருந்தால் வங்கி தன் மாற்றுக் கட்டணத்தையும் போடும்.

குடும்பத் திட்டம் எடுக்கும்போது ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 குடும்பத் திட்டத்தில் ஆறு பேருக்கும் தனித்தனியாக 1 டிபி. கூகல் ஒன்னிலும் ஐகிளவுட் பிளஸ்ஸிலும் நீங்கள் இன்னும் ஐந்து பேரைச் சேர்க்கலாம், ஆனால் எல்லாரும் ஒரே தொட்டியிலிருந்து மொள்ள வேண்டும். மகன் கேமிங் காணொளி ஏற்றினால் அம்மாவின் படத்துக்கு இடம் இருக்காது. ஒருவர் கோப்பு மற்றவருக்குத் தெரியுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். பங்கு போடுவது இடத்தை மட்டும்தான்.

6. எங்க தோட்டத்துல லைன் ரொம்ப மெதுவு. இதெல்லாம் சரிப்படுமா?

சரிப்படும், முதல் தடவையை மட்டும் சமாளித்துவிட்டால். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். உங்களுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம், அது தனி எண், பெரும்பாலும் சிறிய எண். வேகச் சோதனைப் பக்கத்தில் இரண்டாவதாக வருவதைப் பாருங்கள்.

கணக்கு எளிது. ஜிபியை 8,000-ஆல் பெருக்கி, பதிவேற்ற வேகத்தின் எம்பிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) எண்ணால் வகுத்தால் விநாடி வரும். 60 ஜிபி படங்களை 10 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற 48,000 விநாடி, அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். லயத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் 3 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால் 44 மணி நேரம். அதுவும் லைன் ஒரு தடவைகூட அறாமல் இருந்தால்.

அதனால் முதல் ஏற்றத்தை மட்டும் மடிக்கணினியோடு பட்டணத்துக்கு வந்து, ஃபைபர் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு செய்துவிடுங்கள். பிறகு தினமும் ஏறுவது சில எம்பிதான், அதற்குத் தோட்டத்து லைன் போதும். இரவில் விட்டுப் போகும்போது கணினி தூங்கப் போகாதபடி பவர் அமைப்பில் ஸ்லீப்பை நிறுத்துங்கள். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு விழுக்காட்டிலேயே நிற்கிறது என்று சொல்வதற்குக் காரணம் பத்துக்கு ஒன்பது தடவை அதுதான்.

ஹாட்ஸ்பாட் பயன்படுத்தும்போது விண்டோஸின் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்று குறித்துவிடுங்கள். ஒன்டிரைவ் தானாக நின்றுகொள்ளும். கூகல் டிரைவ் செயலியிலும் டிராப்பாக்ஸிலும் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு போடலாம். மாலையில் இடி இடித்தால் மோடத்தைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள், ஏற்றம் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை. லைன் வந்ததும் மீதிக் கோப்புகளைத் தானே தொடரும். மோடம் எரிந்தால் அதுவாக மீண்டு வராது.

7. கம்ப்யூட்டர்ல எப்படி அமைக்கிறது? டெஸ்க்டாப் காலியாயிருச்சுன்னு வேற சொல்றாங்க.

ஒன்டிரைவ் என்றால், வலது கீழ் மூலையில் மேகப் படத்தைத் தட்டி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். கோப்புறை எங்கே இருக்க வேண்டும் என்று கேட்கும்போது, டி டிரைவ் இருந்தால் அங்கே மாற்றிவிடுங்கள். அடுத்ததாக டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் பேக்கப் செய்யவா என்று கேட்கும். சில புதுக் கணினிகளில் கேட்காமலே போட்டுவிடும். இலவச 5 ஜிபிதான் இருக்கிறதென்றால் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிக்சர்ஸ் ஒன்றே இடத்தை நிரப்பி, எல்லாம் நின்றுவிடும்.

டெஸ்க்டாப் காலியானது போலத் தெரிவது, இதை முதலில் போட்டுவிட்டுப் பிறகு அணைத்தால். கோப்புகள் அழியவில்லை. ஒன்டிரைவ் கோப்புறைக்குள் ஒரு டெஸ்க்டாப் கோப்புறை இருக்கும், அங்கே கிடக்கும். இழுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம்.

கூகல் டிரைவ் என்றால் கணினிக்கான செயலியைத் தனியாக இறக்க வேண்டும். அது ‘ஸ்ட்ரீம்’, ‘மிரர்’ என்று இரண்டு வழி காட்டும். ஸ்ட்ரீம் என்றால் கோப்பின் பெயர் மட்டும் கணினியில் தெரியும், திறக்கும்போது இணையத்திலிருந்து வரும். மிரர் என்றால் முழுக் கோப்பும் கணினியிலும் இருக்கும். லைன் அடிக்கடி அறும் இடத்தில் மிரர்தான் சரி, ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தால்.

8. பச்சை டிக் இருக்கு, மேகப் படமும் இருக்கு. ஃபைல் கண்ணுக்குத் தெரியுது, நெட் இல்லாதப்ப திறக்க மாட்டேங்குது.

இவை ஒன்டிரைவின் குறிகள். நீல மேகம் மட்டும் இருந்தால் கோப்பு உங்கள் கணினியில் இல்லை, பெயர்ப் பலகை மட்டும் மாட்டியிருக்கிறது. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் ஒரு தடவை திறந்ததால் இறங்கியிருக்கிறது, இடம் தேவைப்பட்டால் விண்டோஸ் மறுபடி வெளியே அனுப்பலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் எப்போதும் கணினியிலேயே இருக்கும். சுற்றும் அம்புகள் இன்னும் வேலை நடக்கிறது என்பதற்கு. சிவப்புக் குறுக்குக் கோடு தெரிந்தால் எங்கோ தடை.

கூட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டிய கோப்புறையை முந்தின நாளே வலது கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்கள். மண்டபத்தில் போய் நின்றுகொண்டு லைன் தேடுவது வீண்.

9. சி டிரைவ் நிறைஞ்சிருச்சு. கிளவுட்லதான் இருக்கேன்னு கம்ப்யூட்டர்ல அழிச்சேன். இப்ப ரெண்டு இடத்துலயும் காணோம்!

இதுதான் சிங்க். அழித்ததும் ஒரு மாற்றம்தான். அந்த மாற்றமும் மற்ற இடங்களுக்குப் போகும், கைப்பேசியிலும் போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது: இணையப் பக்கத்தில் நுழைந்து குப்பைத் தொட்டியைத் திறந்து மீட்டெடுங்கள். தனிநபர் கணக்குகளில் ஒன்டிரைவ், கூகல் டிரைவ், ஐகிளவுட் டிரைவ், டிராப்பாக்ஸ் நான்குமே அழித்ததை 30 நாள் வைத்திருக்கும். 31-ஆம் நாள் வந்து கேட்டால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கணினியின் ரீசைக்கிள் பின்னையும் பாருங்கள், சில சமயம் அங்கேயும் கிடக்கும்.

இனி இடம் வேண்டுமென்றால் கோப்பை அழிக்காதீர்கள். வலது கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். பச்சை டிக் நீல மேகமாக மாறும், கணினியில் இடம் திரும்பக் கிடைக்கும், கிளவுட்டில் கோப்பு பத்திரமாக இருக்கும். இந்த இரண்டு செயலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். டெலீட் பட்டனை அழுத்துவது எப்போதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்றில்லை.

10. அப்ப கிளவுட்ல இருந்தா பேக்கப் ஆயிருச்சுன்னு அர்த்தம் இல்லையா?

இல்லை. சிங்க் உங்கள் தவற்றையும் நகல் எடுக்கும். போன கேள்வியில் அழித்தது ஒரு விதம். கோப்பைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால், பூட்டிய கோப்புகளும் ஒழுங்காக மேலே ஏறிவிடும். யாரோ எக்செல்லில் ஒரு பத்தியை அழித்துச் சேமித்தாலும் அதே கதை.

ஓரளவு திரும்பிப் போக வழி உண்டு. கோப்பை வலது கிளிக் செய்து ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ பார்த்தால் பழைய நிலைகள் வரும். தனிநபர் ஒன்டிரைவ் கடைசி 25 நிலைகளை வைத்திருக்கும். கூகல் டிரைவில் நீங்கள் ஏற்றிய கோப்புகளின் பழைய நிலைகள் 30 நாள் அல்லது 100 நிலைகள் வரைதான். மைக்ரோசாஃப்ட் 365 கட்டுகிறவர் முழு ஒன்டிரைவையும் கடந்த 30 நாளுக்குள் ஒரு தேதிக்குத் திருப்பலாம். ரான்சம்வேர் வந்தால் அது உயிர் காக்கும்.

ஆனால் எல்லாமே நாள் குறித்த கெடு. வருமான வரி வாரியம் வணிகக் கணக்கை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. கெடுத் தேதியில்லாத நகல் வேண்டுமென்றால் 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு தடவை நகல் எடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும், இடி விழுந்தால் கணினியோடு அதுவும் போகும். வருடத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து பத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நாங்கள் எண்ணுவதில்லை.

11. திருவிழாக் கணக்கை நானும் செயலாளரும் எழுதுனோம். இப்ப ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கு. எது சரி?

இரண்டும் பாதி சரி. பொருளாளர் தோட்டத்தில் லைன் இல்லாமல் ரசீது எண் 412 முதல் 419 வரை சேர்த்தார். அதே நேரத்தில் செயலாளர் பட்டணத்தில் 420 முதல் 431 வரை சேர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். பொருளாளரின் கணினிக்கு லைன் கிடைத்ததும் சேவை பார்க்கிறது: இரண்டுமே புதிது, எதை வைத்து எதை விடுவது? எதையும் அழிக்காமல் இரண்டையும் வைத்துவிடுகிறது. ஒன்டிரைவ் இரண்டாவது கோப்பின் பெயரோடு கணினியின் பெயரைச் சேர்க்கும். டிராப்பாக்ஸ் ‘கான்ஃப்ளிக்டட் காப்பி’ என்று ஆள் பெயரும் தேதியும் போடும்.

சரிசெய்ய, எக்செல்லில் இரண்டையும் திறந்து ‘வியூ’ பட்டியலில் பக்கத்துப் பக்கமாக வையுங்கள். இரண்டையும் ரசீது எண்படி வரிசைப்படுத்துங்கள். ஒன்றில் 411-க்கு அடுத்து 420 வந்தால் இடையிலுள்ள எட்டு வரிசைதான் விடுபட்டவை. அவற்றை நகல் எடுத்து ஒட்டுங்கள். பிறகு மொத்தத் தொகையை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிடுங்கள், மற்ற கோப்போடு அல்ல. இரண்டாவது கோப்பைக் கணக்காய்வாளர் கையெழுத்துப் போடும்வரை ‘பழையது’ என்ற கோப்புறையில் வையுங்கள்.

இனி வராமல் இருக்க: இருவரும் எழுதும் பட்டியலைக் கூகல் ஷீட்ஸிலோ, இணைய எக்செல்லிலோ வைத்தால் ஒரே நேரத்தில் எழுதலாம். 2007, 2010 போன்ற பழைய எக்செல்லில் அது நடக்காது. லைன் இல்லாத இடத்தில் எழுதுகிறவர் தனித் தாளில் எழுதி, பிறகு சேர்ப்பதே நல்லது.

12. கடைக் கணக்கு சாஃப்ட்வேரோட ஃபோல்டரையே கிளவுட்ல போட்டுடலாமா?

வேண்டாம். கணக்கு மென்பொருள் தன் தரவுக் கோப்பை நாள் முழுக்கத் திறந்தே வைத்து எழுதிக்கொண்டிருக்கும். சிங்க் செயலி அதை நடுவில் நகல் எடுத்தால் பாதி எழுதிய நிலை மேலே போகும். இரண்டு கணினியில் அப்படிப் போட்டால் தரவுக் கோப்பே உடைந்துவிடும். மென்பொருளுக்குள் பேக்கப் என்று ஒரு பட்டன் இருக்கும். கடை சாத்தும் நேரத்தில் அதை அழுத்தி, அது தரும் ஒற்றைக் கோப்பைத் தேதியிட்டுச் சிங்க் கோப்புறையில் போடுங்கள்.

13. ஃபைல் பேரைத் தமிழ்ல வைக்கலாமா? ஏதாச்சும் கெட்டுப் போகுமா?

தாராளமாக. எல்லாச் சேவைகளும் யூனிகோடு தமிழை ஏற்கும். பழைய திஸ்கி எழுத்துருவில் தட்டிய கோப்புகளும் சேதமில்லாமல் ஏறி இறங்கும். ஆனால் கைப்பேசியிலோ இணையத்திலோ முன்பார்வை பார்த்தால் கிறுக்கலாகத் தெரியும், ஏனென்றால் அந்த எழுத்துரு அங்கே இல்லை. யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொந்தரவு தருவது தமிழ் அல்ல, குறிகள். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள், கோண அடைப்பு, நிமிர்கோடு ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. மேக்கில் அவற்றில் சிலவற்றை வைக்க முடியும், அங்கிருந்து வரும் கோப்பு சிவப்புக் குறியோடு நிற்கும். தேதியை 12/4/2025 என்று எழுதாமல் 2025-04-12 என்று எழுதினால் வரிசையும் ஒழுங்காக வரும்.

நீளத்தையும் பாருங்கள். ஒன்டிரைவில் கோப்புறைப் பாதையோடு சேர்த்து 400 எழுத்துக்குறிதான் எல்லை. நம் கண்ணுக்குத் ‘தீபாவளி’ நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு, ஏனென்றால் கால், கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனி எண். கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆறேழு அடுக்கு போனால் முட்டும்.

சில சமயம் ‘கோயில்’ என்று இரண்டு கோப்புறை, எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி தெரியும். மேக்கும் விண்டோஸும் கலந்த இடத்தில் வருவது. ‘கோ’வின் இரட்டைக் கொம்பையும் காலையும் ஒன்றில் ஒரே குறியாகவும் மற்றதில் இரண்டு குறியாகவும் சேமித்திருக்கும். ஒன்றை வேறு பெயருக்கு மாற்றி, உள்ளிருப்பதை மற்றதற்கு நகர்த்துங்கள்.

14. ஸ்கூல்ல டெலிமா கணக்கு கொடுத்திருக்காங்க. குடும்பப் படத்தையும் அதுலயே போடலாமா?

பாடம், தேர்வுத்தாள், மாணவர் வேலை எல்லாம் போடலாம். குடும்பப் படம் வேண்டாம். அது கல்வி அமைச்சு கொடுத்த கணக்கு. மாணவர் பள்ளியை விட்டாலோ ஆசிரியர் ஓய்வு பெற்றாலோ அது உங்கள் கையில் இருக்காது. ஐந்தாம் படிவம் முடிக்கும் பிள்ளைகள் அதற்கு முன்பே தங்கள் கோப்புகளைச் சொந்தக் கணக்குக்கு நகல் எடுத்துவிட வேண்டும். கம்பெனி கொடுத்த கணக்குக்கும் இதே விதி.

15. உறுப்பினர் ஐசி நகலெல்லாம் ஒரு லிங்க்ல போட்டுக் குழுவுல அனுப்பிட்டேன். தப்பாங்க?

தப்புதான். ‘எனிவன் வித் த லிங்க்’ என்று விட்டால், அந்த இணைப்பு எந்தக் குழுவுக்குப் போனாலும் அங்கிருப்பவர் எல்லாரும் திறக்கலாம், கடவுச்சொல்லே வேண்டாம். பகிர்வு அமைப்பில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றினால் பழைய இணைப்பு உடனே பிறருக்குச் செத்துவிடும். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவரிடம் இருப்பதை மட்டும் திரும்பப் பெற முடியாது. அடையாள அட்டை நகல் வைத்துக் கடன் வாங்கும் மோசடிக்காரர்களுக்கு அது போதும்.

பார்க்க வேண்டியவரின் மின்னஞ்சலைப் பெயர் சொல்லிச் சேருங்கள், ‘வியூவர்’ மட்டும் கொடுங்கள். நிர்வாகம் மாறும்போது பழையவர்களை நீக்குங்கள். கூட்டுறவுக் கழகமோ கடையோ உறுப்பினர் விவரம் வைத்திருந்தால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் வைக்க வேண்டும்.

16. கம்பெனிக்காரன் நம்ம ஃபைலைத் திறந்து பார்ப்பானா?

கூகல், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றும் கோப்பைப் பூட்டித்தான் வைக்கின்றன, ஆனால் வழக்கமான கணக்கில் சாவி அவர்களிடம். மெகா, புரோட்டான் டிரைவ் இரண்டிலும் சாவி உங்களிடம். ஐகிளவுட்டில் 2022 டிசம்பரில் வந்த ‘அட்வான்ஸ்ட் டேட்டா புரொடெக்‌ஷன்’ போட்டால் டிரைவுக்கும் படங்களுக்கும் அப்படியே. சாவி உங்களிடம் என்பதற்கு மறுபக்கமும் உண்டு: கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தொலைத்தால் நிறுவனத்தாலும் மீட்க முடியாது. சாவியைத் தாளில் எழுதி நிலப் பட்டாவோடு வையுங்கள்.

பெரும்பாலோருக்கு ஆபத்து கம்பெனிக்காரன் அல்ல, திருட்டுப்போன கடவுச்சொல். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதாவது கடவுச்சொல்லோடு ஒரு குறியீடும் கேட்கும்படி. அதை ப்ரீபெய்டு எண்ணின் குறுஞ்செய்தியை மட்டும் நம்பிப் போடாதீர்கள். ரீலோட் செய்யாமல் எண் காலாவதியானால் குறியீடும் வராது, பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். கூகல் பத்துக் காப்புக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒரே தடவைக்கு. அச்சிட்டு வையுங்கள்.

17. மாசக் காசு கட்டுறதை நிறுத்திட்டா எல்லாத்தையும் அழிச்சிடுவானா?

உடனே இல்லை. இலவச அளவைத் தாண்டியிருந்தால் முதலில் புதிது ஏறாது. கூகலில் ஜிமெயிலுக்கு மடல் வருவதும் நின்றுவிடும், பலரைத் துடிக்க வைப்பது அதுதான். அளவைத் தாண்டிய நிலையிலேயே இரண்டு வருடம் விட்டால் கூகல் கோப்புகளை அழிக்கலாம். இரண்டு வருடம் நுழையாமலே கிடக்கும் தனிநபர் கணக்கையும் அழிக்கலாம்.

வேறு சேவைக்கு மாறுகிறவர் பழைய கோப்புறைக்குள்ளேயே புதிய சேவையின் கோப்புறையை வைக்காதீர்கள். ஒன்று மாற்றியதை மற்றது மாற்றம் என்று எடுத்துக்கொண்டு இரண்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் எல்லாவற்றையும் கணினிக்கு முழுதாக இறக்குங்கள், நீல மேகம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று பாருங்கள். பிறகு புதிய கோப்புறைக்கு நகல் எடுங்கள், நகர்த்த வேண்டாம். கோப்பு எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, ஒரு மாதம் கழித்துப் பழையதை மூடுங்கள்.

18. அப்பா தவறிட்டார். அவர் கணக்குல படமெல்லாம் இருக்கு, பாஸ்வர்டு தெரியல.

நிறுவனத்திடம் இறப்புப் பத்திரத்தோடு விண்ணப்பிக்கலாம். நாளாகும், கடவுச்சொல்லைத் தர மாட்டார்கள், கோப்பு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அவருடைய கணினியில் கணக்கு இன்னும் திறந்திருந்தால் அதை ரீசெட் செய்யாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். மிரர் முறையிலோ முழுப் பச்சை டிக்கிலோ இருந்த கோப்புகள் அதிலேயே கிடக்கும்.

இருப்பவர்கள் இப்போதே செய்துவைக்க வழி இருக்கிறது. கூகலில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்ற பகுதியில், 3 முதல் 18 மாதம் வரை நீங்கள் குறிக்கும் காலம் கணக்கு அசைவில்லாமல் இருந்தால் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பத்துப் பேர் வரை சொல்லலாம். ஆப்பிளில் ‘லெகசி கான்டாக்ட்’. அவர்களிடம் ஒரு திறப்புச் சாவி இருக்கும், இறப்புப் பத்திரத்தோடு அதைக் காட்ட வேண்டும்.

19. கிளவுட்டே வேணாம். வீட்டுலயும் கடையிலயும் ரெண்டு கம்ப்யூட்டர், அதுக்குள்ள மட்டும் சிங்க் ஆனா போதும்.

சிங்க்திங் என்ற இலவசச் செயலி அதைத்தான் செய்கிறது. இடையில் எந்த நிறுவனத்தின் சேமிப்பும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை, உங்கள் டிஸ்க் எவ்வளவோ அவ்வளவு இடம். இரண்டிலும் நிறுவி, ஒன்றின் நீண்ட அடையாள எண்ணை மற்றதில் கொடுத்து, கோப்புறையைப் பகிர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தால்தான் ஒத்திசையும். கடைக் கணினியை அணைத்துவிட்டு வீட்டில் திறந்தால் ஒன்றும் வராது. ஒன்பதாம் கேள்வியின் ஆபத்து இங்கேயும் அப்படியே உண்டு. அங்கே 30 நாள் தொட்டி தானாக இருந்தது, இங்கே ‘ஃபைல் வெர்ஷனிங்’ என்பதை நீங்களே போட்டால்தான் இருக்கும்.

20. பழைய மடிக்கணினியை விக்கப் போறேன். ஃபைலையெல்லாம் அழிச்சுக் கொடுத்தா போதுமா?

கையை எடுங்கள்! முதலில் ஒன்டிரைவ் அமைப்பில் ‘அன்லிங்க் திஸ் பிசி’ கொடுங்கள். கூகல் டிரைவ் என்றால் செயலியில் ‘டிஸ்கனெக்ட் அக்கவுன்ட்’. இணைப்பு அறுந்த பிறகு அழிப்பது மேலே போகாது. அடுத்து கைப்பேசியிலோ வேறு கணினியிலோ நுழைந்து, கோப்புகள் அங்கே திறக்கின்றனவா என்று ஐந்தாறு பார்த்துவிட்டு, விண்டோஸின் ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, டிரைவைத் துடைக்கும் தெரிவையும் போடுங்கள். ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருந்தால் சில மணி நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகியே வையுங்கள்.